எந்த அறைக்கு எந்த ஜன்னல்

மதிவாணனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் முத்தாண்டிக்குப்பத்தில் எழும்பிக்கொண்டிருந்த புது வீட்டின் வரைபடம் அவருக்கு மனப்பாடம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் இசைப்பிரியா, ஒரு கெட்டி அட்டையில் சணல் கயிற்றை ஒட்டி, விரலால் தடவிப் பார்க்கிற மாதிரி ஒரு படம் செய்து கொடுத்திருந்தாள். நுழைந்ததும் ஹால். ஹாலின் கிழக்குச் சுவரில் அகலமான ஜன்னல். வலது கைப்பக்கம் படுக்கையறை, அதற்குப் பின்னால் மகளுக்கு ஓர் அறை. இடது கைப்பக்கம் சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை. எல்லாவற்றுக்கும் நடுவில், வெளிச்சுவர் எதையும் தொடாமல், சாமான் போட்டு வைக்க ஒரு சின்ன அறை.

கூரை போட்டு முடித்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஹாலுக்குள் வந்தார். சுவரை ஒட்டியே நடந்து கிழக்குப் பக்கம் போனார். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டினார். செங்கல் தட்டியது. கலவை இன்னும் ஈரமாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினார். மேலே தடவினார். ஜன்னல் தலைக்கு மேல் ஓடும் லின்டல் வரைக்கும் செங்கல்தான்.

"கலியா," என்று கூப்பிட்டார்.

சாரத்தில் நின்றிருந்த கலியன் இறங்கி வந்தான். அந்த ஊர்க் கொத்தனார். வீடும் பக்கத்திலேயே, முந்திரித் தோப்புக்கு அந்தண்டை.

"இங்க ஜன்னல் விட்டிருந்தோமே?"

கலியன் கரணையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "அடைச்சாச்சுண்ணே. அக்காதான் அடைக்கச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சிகினு இருந்தேன்."

"வேற எதெல்லாம் அடைச்சே?"

"படுக்கற ரூமுல, பாப்பா ரூமுல எல்லாந்தான். சமையக்கட்டுல மட்டும் பொகை போவ மேல ஒரு ஓட்டை வுட்டிருக்கோம்."

மதிவாணன் தலையை ஆட்டினார். வெளியே அவர் மனைவி அன்புக்கரசி சுவருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் பீச்சும் சத்தம் அவருக்குக் கேட்டது. அங்கே அவர் எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது அவள் ஓட்டிய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தபோதும் கேட்கவில்லை. சுரங்கக் கம்பெனி நகரியத்துக்குள் நுழைந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் அவள் விசிறியைப் போட்ட பிறகுதான் கேட்டார்.

"அரசி, நம்ம வூட்டுக்கு ஜன்னலே வேணாமா?"

"ஏசி போட்டுக்கலாம்," என்றாள்.

"கோவமா கேக்கல. நீ கொஞ்சம் உக்காரு." அவள் உட்கார்ந்தது தெரிந்ததும் அவர் சொன்னார்: "இந்தக் குவார்ட்டர்ஸ்ல நான் எங்கயும் இடிச்சிக்காம நடக்கறேன்ல. எப்படி? தெருச் சத்தம் வந்தா ஹால். பின்பக்கத்து வேப்ப மரத்துக் காத்து வந்தா படுக்கற ரூம். காலையில மூஞ்சில வெயில் பட்டா நான் எந்தத் திசைய பாத்து நிக்கறேன்னு தெரியும். ஜன்னலெல்லாம் அடைச்சுட்டா அந்த வூடு எனக்கு ஒரே பொட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்ணுதான்."

இது அவளுக்குப் புதிது. இத்தனை வருஷமும் அவர் சுவரைத் தொட்டுப் பழகித்தான் நடக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

ஆனாலும் சொன்னாள்: "அந்த எடத்துல நான் கண்ணாடி வெக்க மாட்டேங்க. என்னால முடியாது."

அந்த இடம் அவளுடைய அப்பா சாமிக்கண்ணுவின் மனை. பழைய வீடு அங்கேதான் இருந்தது. 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்த அன்று அவர்கள் மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். சாமிக்கண்ணுவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்திருந்தார்கள். மதிவாணன் அப்போது மைன்ஸில் ஷிப்ட் வேலையில் இருந்தார். விடுப்புப் போட்டு வந்திருந்தார்.

விடியற்காலையில் காற்று இரைய ஆரம்பித்தது. தோப்பில் பலா மரங்கள் ஒவ்வொன்றாகச் சாயும் சத்தம் கேட்டது. கூடத்து ஜன்னலுக்குக் கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு. உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்தது. காற்று அதை உள்ளே தள்ள, தாழ்ப்பாள் வளைந்தது. மதிவாணன் தோளைக் கொடுத்து அண்டை கொடுத்தார். ஜன்னலுக்குக் கீழே கட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. தாழ்ப்பாள் கழன்று வருவதைக் கண்டதும் கதவை விட்டுவிட்டுக் குனிந்து அவளை வாரி எடுத்தார். நிமிரும்போது கண்ணாடி வெடித்தது. மகளின் முகம் அவர் நெஞ்சில் புதைந்திருந்ததால் அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பண்ருட்டி ரோட்டில் மரமாக விழுந்து கிடந்தது. எந்த வண்டியும் போக வழியில்லை. அவரைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டன. சீக்கிரம் வந்திருந்தாலும் கண்ணைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று அங்கே டாக்டர் சொன்னார். அதை நம்புவதா வேண்டாமா என்று அன்புக்கரசிக்கு இன்று வரை தெரியாது.

அவருக்கு வேலை போகவில்லை. மைன்ஸிலிருந்து மாற்றி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போட்டார்கள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அன்புக்கரசி ஸ்கூட்டர் பழகி, அவரைக் கொண்டு விட்டுக் கூட்டி வந்தாள். இப்போது அவர் ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாமிக்கண்ணு இறந்து, பழைய வீடும் இடிந்துபோய், மிச்சமிருந்தது அந்த மனைதான்.

ஜன்னல் விஷயம் இசைப்பிரியாவுக்கு அப்பா மூலமாகத் தெரிந்தது. அவள் அம்மாவிடம் சண்டை போடவில்லை. போனில், "மந்தாரக்குப்பத்துல ஒரு கடை இருக்காம்மா. புயல் தாங்கற ஜன்னல்னே தனியா செய்யறாங்களாம். ஒரே ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க. அப்புறமும் வேணாம்னு தோணுச்சுன்னா விட்டுடலாம்," என்றாள். போனை வைக்கும் முன், "எனக்காகப் போம்மா," என்றாள்.

மகள் அப்படிக் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை.

அந்தக் கடை நாசருடையது. கடைத்தெருவின் கோடியில், முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பட்டறை. ஐம்பது வயதுக்காரர். மதிவாணனின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "சொல்லுங்கண்ணே, எத்தனை ஜன்னல், எந்தெந்த ரூமுக்கு?" என்று ஆரம்பித்தார்.

"எல்லா ரூமுக்கும் ஸ்லைடிங் போட்டா நல்லாருக்குமான்னு பொண்ணு கேட்டா," என்றார் மதிவாணன்.

"நம்ம பக்கத்துக்கு வேணாம்ணே. தள்ளுற ஜன்னல் தண்டவாளத்துல நிக்கறது. பெருங்காத்துல பலகை வளையும், தண்டவாளத்துல தண்ணி ரொம்பி வூட்டுக்குள்ள வரும். வெளிப்பக்கமாத் திறக்கற கதவு ஜன்னல்தான் நல்லது. காத்து அடிக்க அடிக்க அது பிரேம்ல இன்னும் இறுகிக்கும். உள்பக்கம் திறக்கறது இருக்கே, அது காத்துக்கு நாமளே வழி விடற மாதிரி."

அன்புக்கரசியின் கை புடவைத் தலைப்பை இறுக்கியது. நாசர் அதைக் கவனிக்கவில்லை. இவர்கள் கதை அவருக்குத் தெரியாது.

"ஒரு ஜன்னல் போச்சுன்னா காத்து உள்ள புகுந்து கூரையத் தூக்கும்," என்று அவர் தொடர்ந்தார். "அதனால ஜன்னல் ஒடையாம இருக்கணும்ங்கறதவிட, ஒடைஞ்சாலும் எடத்த விட்டுப் போவாம இருக்கணும். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிசின் மாதிரி ஒரு தாள் வெச்சு ஒட்டுன கண்ணாடி இருக்கு. லேமினேட்டட்னு சொல்லுவாங்க. காட்டறேன் பாருங்க."

வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பழகிய வேகத்தில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடித் துண்டு ஒன்றை முன்னால் இழுத்து, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

கண்ணாடி விரிசலிடும் சத்தம் கடை முழுக்கப் பரவியது.

மதிவாணன் லேசாகத் திடுக்கிட்டார், அவ்வளவுதான். ஆனால் அன்புக்கரசி அலறினாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர் மேல் பாய்ந்து, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பட்டறையில் வேலை செய்தவர்கள் ஓடி வந்தார்கள். நாசர் சுத்தியலும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"அரசி, எனக்கு ஒண்ணும் ஆகல," என்றார் மதிவாணன். அவள் பிடி தளரவில்லை. "ஒண்ணும் இல்லம்மா. கடையில இருக்கோம். வுடு."

நாசர் அவர்களைக் கடைக்கு வெளியே நிழலில் கிடந்த பெஞ்சுக்குக் கூட்டிப் போனார். டீ வாங்கி வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மதிவாணன் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விருத்தாசலம் போகும் பஸ்கள் அவர்கள் முன்னால் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போயின.

"இன்னும் அதுவே நெனப்பா இருக்கியா?" என்று கேட்டார்.

"உங்க மூஞ்சிய நீங்க பாக்கல," என்றாள் அன்புக்கரசி. "நான் பாத்தேன். நீங்க புள்ளைய என்கிட்டக் குடுத்துட்டு, 'இவளுக்கு ஏதாவது பட்டுச்சா பாரு, பாரு'ன்னு கேட்டுக்கினே நின்னீங்க. நான் அவளப் பாக்கல. உங்களையே பாத்துக்கினு இருந்தேன். பொழுது விடிஞ்சா அதுதான் வருது. சோறு வடிக்கும்போது வருது. ஸ்கூட்டர் கண்ணாடியில உங்க மூஞ்சி தெரிஞ்சா அதுக்குப் பின்னாடி அதுவும் வருது."

அவள் இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் காலையில் அவர் கடைசியாகப் பார்த்தது மகளின் உச்சந்தலையைத்தான். வகிடு கலைந்து கிடந்த முடி. அதற்குப் பிறகு வலி, பிறகு இருட்டு. இழந்தது தான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். தன் துக்கத்துக்குத் துணையாக அவள் கூட நடக்கிறாள் என்று நினைத்திருந்தார். கண் போன மனிதனுக்கு அந்தக் காட்சி கிடையாது, அது முழுவதும் அவளிடம்தான் தங்கிவிட்டது என்பது அந்தப் பெஞ்சில்தான் அவருக்கு உறைத்தது.

"வேணாம் அரசி," என்றார். "ஜன்னல் வேணாம். கலியன் கட்டனது கட்டனதாவே இருக்கட்டும். நான் தடவித் தடவிப் பழகிப்பேன். எழுந்திரு, போலாம்."

மனதாரத்தான் சொன்னார். அவளுக்கும் அது தெரிந்தது. ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்தவள் வண்டிப் பக்கம் போகவில்லை. கடைக்குள் போனாள்.

"பாய், அந்தக் கண்ணாடி எங்க?"

நாசர் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். தயங்கித் தயங்கித் துணியை எடுத்தார். அடிபட்ட இடத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக விரிசல் நாலா பக்கமும் ஓடியிருந்தது. ஆனால் ஒரு சில்லும் கீழே விழவில்லை. அன்புக்கரசி கட்டை விரலை வைத்து அழுத்தினாள். கண்ணாடி நறநறத்தது. உள்ளே கொஞ்சம் அமுங்கியது. இன்னும் பலமாக அழுத்தினாள்.

"அக்கா, கைய கிழிச்சிடப் போவுது," என்றார் நாசர்.

"இது ஒடையாதா?"

"ஒடையும். ஒடையாதுன்னு சொன்னா அது பொய். ஆனா சில்லு சில்லா உள்ள வந்து மேல தெறிக்காது. காத்து ஓயற வரைக்கும் பிரேம்லயே நிக்கும். அப்புறம் மாத்திக்கணும். அதுவும் பிரேமைச் செவுத்துல நீட்டு போல்ட் போட்டு இறுக்கினாத்தான். இடுக்குல வெறும் நுரைப் பசைய அடிச்சு ஒட்டிட்டுப் போனா ஜன்னல் மொத்தமா கழண்டு வந்துடும்."

அவள் யோசித்தாள். வாசலில் மதிவாணன் கைத்தடியோடு வந்து நின்றிருந்தார்.

"ஹாலுக்குக் கிழக்க பெரிசா ஒண்ணு," என்றாள். "இந்தக் கண்ணாடிதான். நடுவுல அசையாத பலகை, ரெண்டு பக்கமும் வெளிய திறக்கற கதவு."

நாசர் அளவு கேட்டார். சொன்னாள்.

"குளிக்கற ரூமுக்கு லூவர்ஸ் போடுவாங்கல்ல?"

"அந்தக் கண்ணாடிப் பட்டை ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பறக்கும்க்கா. மேல கீல் வெச்சு, கீழ்ப்பக்கமா வெளிய தள்ளித் திறக்கற மாதிரி சின்னதா ஒண்ணு போடறேன். சமையக்கட்டுக்கும் அதுவே. தூறல்லகூட திறந்து வெச்சுக்கலாம். காத்து பெரிசா வந்தா இழுத்துத் தாழ்ப்பாள் போட்டுடலாம்."

"சரி. பொண்ணு ரூமுக்கு அவளையே கேட்டுச் சொல்றேன்."

"படுக்கற ரூமுக்கு?"

அங்கேதான் அவள் குரல் மாறியது. "அங்க கண்ணாடி வேணாம் பாய். எந்தக் கண்ணாடியும் வேணாம்."

நாசர் மதிவாணனைப் பார்த்தார். பிறகு அவளிடமே சொன்னார்: "அப்போ இரும்புத் தகட்டுல ரெட்டைக் கதவு பண்ணிடலாம். திறந்தா முழுக்கக் காத்து. மூடினா செவுரு. வெளிச்சம் மட்டும் கொறச்சலா இருக்கும், பரவாயில்லையா?"

"வெளிச்சம் எனக்கு எதுக்கு?" என்றார் மதிவாணன் வாசலிலிருந்து. அந்த நாளில் முதல் தடவையாக அன்புக்கரசிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது.

மகளை அங்கிருந்தே போனில் கூப்பிட்டுக் கேட்டாள். "அப்பாவுக்கு ஹாலுல போடறது எதுவோ அதுவே எனக்கும்," என்றாள் இசைப்பிரியா. நடுவில் இருந்த சின்ன அறைக்கு மட்டும் எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. புயல் வந்தால் எல்லாரும் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், அது ஜன்னலே இல்லாத இடமாக இருக்கட்டும் என்று நாசரும் சொன்னார்.

மறுநாள் கலியன் தான் கட்டியதைத் தானே இடித்தான். "அடைக்கறதுக்கு ஒரு நாளு, இடிக்கறதுக்கு ஒரு நாளு," என்று முணுமுணுத்தான். ஆனால் நாசரின் ஆட்கள் வந்து போல்ட் முடுக்கும்போது கூடவே நின்று, சுவர் விண்டு போகாமல் பார்த்துக்கொண்டான். ஆவணியில் பால் காய்ச்சினார்கள். மதிவாணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சாமான்கள் லாரியில் வந்து இறங்கின. புது வீட்டில் அவர் இடித்துக்கொள்ளாமல் நடக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. முந்திரித் தோப்பிலிருந்து வரும் காற்று படுக்கையறை என்று சொன்னது. ரோட்டில் போகும் பண்ருட்டி பஸ் ஹால் என்று சொன்னது.

கார்த்திகையில் புயல் அறிவிப்பு வந்தது.

அன்று காலையிலேயே வானம் இறங்கி வந்துவிட்டது. மதியத்துக்கு மேல் காற்று பிடித்தது. அன்புக்கரசி அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் மூடினாள். படுக்கையறை இரும்புக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் ஒரு கம்பியையும் குறுக்கே கொடுத்தாள். அந்த அறைதான் பத்திரம் என்று அவளுக்கு நம்பிக்கை.

பிறகு குடையைக்கூட எடுக்காமல் வெளியே போனாள். "எங்க போற?" என்று மதிவாணன் கத்தினார். அவள் திரும்பி வரும்போது கூடவே கலியனும் அவன் மனைவி தனமும் நனைந்தபடி வந்தார்கள். அவர்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. தனத்தின் கையில் துணி மூட்டை ஒன்றும் ஒரு சொம்பும் இருந்தன. அவசரத்தில் எதை எடுப்பதென்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்திருந்தாள்.

நாலு பேரும் நடு அறையில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். கரண்ட் போயிற்று. வெளியே மரம் முறியும் சத்தம் கேட்டது. படுக்கையறைப் பக்கம் இரும்பு தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஹால் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மையை அன்புக்கரசியால் தாங்க முடியவில்லை. எழுந்தாள்.

"உக்காருக்கா," என்றாள் தனம்.

"பாத்துட்டு வந்துடறேன்."

அறை வாசலில் நின்று ஹாலைப் பார்த்தாள். கிழக்கு ஜன்னல் நின்றது. மழை கண்ணாடியில் அடித்து ஆறாக வழிந்தது. அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே திரும்பவில்லை. தன் தோளில் கை விழுந்ததும், "உள்ள போங்க," என்றாள்.

"நீ வா, நான் போறேன்," என்றார் மதிவாணன்.

"நான் இதப் பாக்கணும்ங்க. பாக்காம உள்ள உக்காந்திருந்தா அது என் மனசுல ஒடைஞ்சுகினே இருக்கு."

அவர் அதற்கு மேல் அழைக்கவில்லை. அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். பொழுது சாயும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நடுவில் ஒரு தடவை படுக்கையறையிலிருந்து பெரிய சத்தம் வந்தது. கலியன் ஓடிப்போய்ப் பார்த்தான். இரும்புக் கதவில் ஒன்று கீலோடு பிய்ந்து தொங்கியது. மெத்தை முழுக்க மழை. அவனும் தனமும் சேர்ந்து அந்த அறைக் கதவைச் சாத்தி, பீரோவை இழுத்து அண்டை கொடுத்தார்கள். பத்திரம் என்று நம்பிய அறை போயிற்று. கண்ணாடி நின்றது.

விடிந்தபோது காற்று இல்லை. தூறல் மட்டும் இருந்தது. அன்புக்கரசி ஹால் ஜன்னலைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே வெளியே பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்று மதிவாணன் கேட்டார்.

"முந்திரி பாதிக்கு மேல போச்சு," என்றாள். "ரோட்டோரத்துப் புளிய மரம் நிக்குது. கரண்ட் கம்பம் சாஞ்சு கெடக்கு." கொஞ்சம் தயங்கினாள். குரலைத் தாழ்த்தி, "கலியன் வூட்டுக் கூரை இல்லீங்க," என்றாள்.

தாழ்த்திச் சொன்னாலும் தனத்துக்குக் கேட்டுவிட்டது. அவள் அழவில்லை. சமையலறையில் அடுப்பைப் பற்ற வைத்து, எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டு வந்தாள். கலியன் குடிக்காமல் கிளாஸை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

இசைப்பிரியாவின் போன் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. "அப்பா நல்லாருக்காரு," என்றாள் அன்புக்கரசி. "மெத்தை நனைஞ்சு போச்சு. உன் ரூமுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. அங்கதான் இனி கலியனும் தனமும் இருக்கப்போறாங்க, அவங்க வூட்டைத் திருப்பிக் கட்டற வரைக்கும்."

கலியன் தலை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. போனை வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

தூறல் விட்டதும் நாலு பேரும் தோப்பு வழியாகக் கலியன் வீட்டுக்கு நடந்தார்கள். கலியனின் கூரைத் தகடு ஒன்று சாய்ந்த முந்திரி மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. கலியன் அதை அசைத்து இறக்கினான். ஒரு முனையை மதிவாணன் பிடித்துக்கொண்டார், மறு முனையைக் கலியன். அன்புக்கரசி முன்னால் நடந்து, எங்கே கிளை கிடக்கிறது, எங்கே பள்ளம் என்று சொல்லிக்கொண்டே போனாள். தனம் சேற்றில் கிடந்த பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.